ஜாத்திரையைத் தாங்கும் மிக்ஸர்

திருப்பதி தாத்தய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரை மே மாதத்து வெயிலில் வருகிறது. ஒரு வாரம் ஊரே வேஷம் கட்டும். முதலில் பைராகி வேஷம், உடம்பெல்லாம் நாமக்கட்டி வெள்ளை. அடுத்து பண்ட வேஷம், குங்குமச் சிவப்பு. அதற்கடுத்து தோட்டி வேஷம், கரிக் கருப்பு. எல்லா நாளும் மஞ்சள் உண்டு. ஜாத்திரை முடிந்த மறுவாரம் சவுண்டு சர்வீஸ் பையன்கள் என் மேசைக்கு மிக்ஸர்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அடிமூடியைக் கழற்றினால், அது எந்த நாள் வண்டியில் ஏறியது என்பதை ஃபேடருக்குக் கீழே படிந்திருக்கும் பொடியின் நிறமே சொல்லிவிடும்.

“எந்த மிக்ஸர்ணா உழைக்கும்?” என்று அவர்கள் கேட்கிறார்கள். விளம்பரத்தாளில் இதற்குப் பதில் கிடைக்காது. லண்டனிலோ டோக்கியோவிலோ குளிரூட்டிய அறையில், ஒரே மேசையில் வருடக்கணக்காக அசையாமல் இருக்கிற மிக்ஸருக்கு ஓர் ஆயுள். சித்தூர் கட்டமஞ்சியில் டிராக்டர் டிரெய்லர் மேல், பதினெட்டு அங்குல பேஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில், ஜெனரேட்டர் கரண்டில் ஓடுகிற மிக்ஸருக்கு வேறோர் ஆயுள். நான் மாமாவின் மைக் செட்டுக் கடையில் வளர்ந்தவன். அன்றைய ஆம்ப்ளிஃபயரையும் இன்றைய டிஜே மிக்ஸரையும் திறந்து பார்த்துச் சரிசெய்வதே என் பிழைப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினால்தான் அந்தப் பையன்களுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியும்.

அந்தக் கடை சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் இருந்தது. 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்துக்குத் தலைமையிடமாக இருந்த ஊர் சித்தூர். வீட்டுக்குள் தமிழும் வாசலில் தெலுங்கும் பேசுகிற எங்களைப் போன்ற குடும்பங்கள் இங்கே நிறைய. கடையிலும் அப்படித்தான், இசைத்தட்டுகள் இரண்டு மொழியிலும் அடுக்கியிருக்கும். சுருட்டி மாட்டிய ஒயர், குழாய் ஸ்பீக்கர்கள், அவற்றின் பின்னால் முடுக்குகிற யூனிட்டுகள், ஒரு ரெக்கார்டு பிளேயர், பிற்பாடு ஒரு கேசட் டெக். நடுவில் ஓர் அஹூஜா ஆம்ப்ளிஃபயர். 1940-இல் டெல்லியில் தொடங்கிய கம்பெனி அது. எங்கள் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர் என்று யாரும் சொல்லமாட்டார்கள், “அஹூஜா எடுத்துட்டு வா” என்பார்கள்.

அதன் முகப்பில் மைக் ஒன்று, மைக் இரண்டு, போனோ, டோன் என்று சில குமிழ்கள் மட்டுமே. ஒவ்வொன்றும் இரண்டு விரலும் நிறையப் பிடிக்கிற பருமன். மிக்ஸர் என்று தனியாக ஒன்று கிடையாது. மைக்கும் பாட்டும் அந்தப் பெட்டிக்குள்ளேயே கலந்து போயின. கல்யாண வீட்டில் மாமா அதைத் திண்ணையில் வைத்துவிட்டு, தூணில் சாய்ந்து பந்தலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கெட்டிமேளத்துக்கு ஐயர் விரலை உயர்த்தியதும், குனிந்து பார்க்காமலே பாட்டை இறக்கி, நாதஸ்வர மைக்கை ஏற்றிவிடுவார். எந்தக் குமிழ் எங்கே என்பது கைக்குத் தெரியும். பயன்படுத்த எளிது என்று ஒரு கருவியைச் சொல்வதானால் எனக்கு அந்தக் காட்சிதான் அளவுகோல்: கண் மேடையில் இருக்க, கை வேலையைச் செய்ய வேண்டும்.

ஒயர் இழுப்பதிலும் அந்தக் காலத்து ஏற்பாடு கெட்டிக்காரத்தனமானது. ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் ஒலியை 100 வோல்ட் லைனுக்கு உயர்த்தி அனுப்பும். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் அதை இறக்கிக்கொள்ளும். மின்னோட்டம் குறைவாகப் போவதால் மெல்லிய ஒயரிலேயே தெருக்கோடிவரை ஒலி போய்ச் சேரும். கரண்ட் போனால் கார் பேட்டரியில் ஓடுகிற மாடல்களும் உண்டு. எம்.எஸ். சுப்புலட்சுமி 1963-இல் இசைத்தட்டில் பாடிய வெங்கடேச சுப்ரபாதம் விடியலில் எங்கள் தெருவுக்கு வந்ததெல்லாம் இந்த வழியாகத்தான். ஊரில் கரண்ட் இல்லாத விடியலிலும் அது வந்தது.

பழுதானால்? ஆரம்பத்தில் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் செய்த வால்வுகள், பிறகு டிரான்சிஸ்டர்கள். அதிலும் ‘2 என் 3055’ என்ற தடித்த உலோகத் தொப்பி டிரான்சிஸ்டரைத் தெரியாத மெக்கானிக் இந்தியாவில் அன்று இருந்திருக்க முடியாது. பின்னால் இருக்கும் அலுமினிய ஹீட் சிங்க்கில் இரண்டு ஸ்க்ரூ போட்டு உட்கார்ந்திருக்கும். எரிந்தால் கழற்றி, மைக்கா தகடு வைத்து, வெள்ளைப் பசை தடவி, புதிதாக ஒன்றை மாட்டினால் வேலை முடிந்தது. வால்யூம் குமிழ் கரகரத்தால் அதன் உள்ளிருக்கும் பொட்டென்ஷியோமீட்டரை மாற்றலாம். அது எந்தக் கம்பெனி செய்ததாக இருந்தாலும் ஓம் மதிப்பும் தண்டின் நீளமும் பொருந்தினால் போதும். சித்தூர் கடைத்தெருவிலேயே கிடைக்கும், இல்லையென்றால் பஸ் ஏறினால் வேலூர்.

அதற்காக அந்தக் காலத்து ஒலியைத் தூக்கி வைத்துப் பேச நான் வரவில்லை. குழாய் ஸ்பீக்கரில் அடிக்குரலும் இல்லை, மிருதங்கமும் இல்லை. நடுவில் இருக்கிற குரல் மட்டும் காதைத் துளைக்கும். ஆம்ப்ளிஃபயரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். எர்த் சரியில்லாத பந்தலில் மைக்கைத் தொட்டாலே ஷாக் அடிக்கும். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும்வரை ஊசி உரசும் ஓசை மட்டுமே வரும். அந்த இடைவெளியை இல்லாமலாக்கத்தான் உலகத்தில் டிஜே மிக்ஸர் பிறந்தது.

1971 வாக்கில் நியூயார்க்கில் அலெக்ஸ் ராஸ்னர் என்ற ஒலிப் பொறியாளர் ஹேவன் என்ற கிளப்புக்காக ஒரு மிக்ஸரைக் கையால் செய்தார். சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்ததால் அதற்கு ரோஸி என்று பெயர். ஒரு தட்டு வெளியே ஓடும்போதே அடுத்த தட்டை ஹெட்போனில் கேட்டுத் தயார் செய்யலாம் என்பதுதான் அதன் புதுமை. அடுத்து ரூடி போஸாக்கின் கம்பெனி கடைக்குக் கொண்டுவந்த மிக்ஸரில் ஃபேடரே கிடையாது, எல்லாம் வட்டக் குமிழ்கள். உள்ளே தனித்தனி அட்டைகளாகச் சர்க்யூட். ஒன்று கெட்டால் அதை மட்டும் உருவிச் சரிசெய்யலாம். அரை நூற்றாண்டு கழிந்தும் அந்த மிக்ஸர்களைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். படம் பார்த்தபோது எனக்கு மாமாவின் அஹூஜா முகப்புதான் நினைவுக்கு வந்தது. வேறு வேறு தேவைக்குப் பிறந்த இரண்டு பெட்டிகளும் கைக்குக் கொடுத்த மரியாதை ஒன்றாக இருந்தது.

எங்கள் பக்கம் டிஜே என்ற சொல் வந்து சேர 2000 கடந்தது. முதலில் வந்தவை மலிவான இரண்டு சானல் மிக்ஸர்கள். கூடவே இரட்டை சிடி பிளேயர். விநாயக சவிதிக்கும் ஜாத்திரைக்கும் டிராக்டரில் பெட்டி கட்டி, தெலுங்கு பாட்டையும் தமிழ்க் குத்துப் பாட்டையும் அடித்தாளத்தில் கோத்து ஓட்டினார்கள். 2006-இல் பயனியர் டிஜேஎம் 800 வந்தபோது அதைப் பெரிய ஊர் கிளப்புகளில்தான் பார்க்க முடியும். பத்து வருடம் கழிந்ததும் திருப்பதி கல்யாண மண்டபங்களில் 2016-இன் டிஜேஎம் 900 நெக்ஸஸ் 2 வாடகைக்கு வரத் தொடங்கிவிட்டது. 2023-இல் டிஜேஎம் ஏ9. இப்போது முகப்பில் குமிழும் பட்டனும் விளக்கும் கண்ணைப் பறிக்கிற அளவுக்கு இருக்கின்றன.

சரி, உழைப்பு. டிஜே மிக்ஸரில் முதலில் சாகிற உறுப்பு ஃபேடர். மேலும் கீழும், இடமும் வலமும் தள்ளுகிற அந்தக் கட்டைக்கு அடியில் ஒரு கார்பன் பாதையும் அதன் மேல் உரசிக்கொண்டு நகர்கிற ஒரு மெல்லிய உலோக நாக்கும் இருக்கும். உரசி உரசிக் கார்பன் தேயும். அதைவிடப் பெரிய ஆபத்து, ஃபேடர் நகர்வதற்காகத் தகட்டில் வெட்டியிருக்கிற நீளமான பிளவு. மேலே விழுகிற எதுவும் அதன் வழியாக நேரே பாதைக்குப் போகும். உள்ளே வழுக்கலுக்குப் போட்டிருக்கும் கிரீஸோடு மஞ்சளும் குங்குமமும் சேர்ந்து சந்தனக் குழைவு போல இறுகிவிடும். பிறகு தள்ளினால் கரகர, அடுத்து ஒரு பக்கம் ஊமை.

“போன வருஷம்தாணா வாங்கினோம். ரெண்டாவது சானல் விட்டு விட்டு வருது.”

“துணி போட்டு மூடினீங்களா தம்பி?”

“வண்டி மேல ஆடிக்கிட்டே ஓட்டறதுணா, எங்க மூடறது?”

அவன் சொல்வது உண்மை. அப்படி ஓட்டுவதற்காகத்தான் அவன் வாங்குகிறான், ஆகையால் அங்கே தாங்குகிற பொருளைத்தான் தேட வேண்டும்.

வட்டக் குமிழ் இந்த இடத்தில் ஜெயிக்கிறது. அதன் உள்ளிருக்கும் பாதை மூடிய டப்பாவுக்குள் இருக்கிறது, தண்டு ஒரு சின்ன ஓட்டை வழியாக வெளியே வருகிறது. பொடி நுழைய வழி குறைவு. மாமாவின் ஆம்ப்ளிஃபயர் குமிழ்கள் அத்தனை ஜாத்திரையைக் கண்டும் உயிரோடு இருந்ததற்கு இதுதான் காரணம். கம்பெனியின் தரத்துக்கு இதில் பாதிப் பங்குதான். இன்றும் வட்டக் குமிழ் மிக்ஸர்கள் வெளிநாட்டில் விற்கின்றன. அவற்றை ஏதோ ரசனைக்காரர்களின் பொருள் என்று நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் தாத்தய்யகுண்டாவுக்கும் அதுதான் பொருத்தம்.

ஆனால் புதிய காலம் ஃபேடருக்குச் செய்திருக்கும் நன்மையை மறைக்கக் கூடாது. பழைய மலிவு மிக்ஸர்களில் பாட்டின் சிக்னலே அந்தக் கார்பன் பாதை வழியாக ஓடும். தேய்ந்தால் தேய்மானம் அப்படியே ஸ்பீக்கரில் கேட்கும். அடுத்த தலைமுறையில் வி.சி.ஏ. என்கிற ஏற்பாடு வந்தது. ஃபேடர் ஒரு சிறு கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தை மட்டும் அனுப்பும், ஒலியைக் கூட்டிக் குறைப்பது தனிச் சர்க்யூட்டின் வேலை. கட்டுப்பாட்டில் வரும் சின்னச் சின்ன உதறலைச் சர்க்யூட் வடிகட்டிவிடுவதால் கரகரப்பு காதுக்கு வராது. அதற்கும் மேலே காந்த ஃபேடர். உரசலே கிடையாது, காந்தம் எங்கே நிற்கிறது என்பதை ஒரு சென்ஸர் தொடாமல் படித்துக்கொள்ளும். ரேன் கம்பெனி 2000-களின் முதல் பாதியிலேயே இதைச் செய்துவிட்டது. பயனியர் 2015-இல் டிஜேஎம் எஸ்9 மிக்ஸரில் மேக்வெல் என்ற பெயரில் கொண்டுவந்து, ஒரு கோடி முறைக்கு மேல் நகர்த்தினாலும் தாங்கும் என்று அறிவித்தது. அந்த வகை ஃபேடர் ஒன்றைத் திறந்து, உள்ளே போயிருந்த கரியைத் துடைத்து மூடினேன். முன்பு போலவே ஓடியது. கார்பன் ஃபேடராக இருந்தால் குப்பைக்குத்தான் போயிருக்கும். நான் பழைய காலத்து ஆள், இருந்தும் சொல்கிறேன்: ஃபேடரில் இன்று அன்றைவிடப் பல மடங்கு மேல்.

இங்கே ஒரு விஷயம் பையன்களுக்கு. கரகரத்ததும் கையில் கிடைத்த ஸ்ப்ரேயை அடிக்காதீர்கள். சில ஸ்ப்ரே அழுக்கோடு கிரீஸையும் கரைத்துவிடும். அன்று மட்டும் நன்றாக ஓடும், பிறகு வழுக்கல் இல்லாமல் பாதை இரட்டை வேகத்தில் தேயும். ஃபேடருக்கென்றே, வழுக்கலும் சேர்ந்த கிளீனர் தனியாக விற்கிறது.

ஃபேடருக்கு அடுத்தது அதிர்வு. டிரெய்லரில் மிக்ஸர் உட்காரும் பலகைக்கும் பேஸ் பெட்டிக்கும் இடையே ஒரு ஆள் நிற்க இடமிருக்காது. ராத்திரி முழுக்க அடிக்கிற அடியில் உள்ளே இருக்கும் பட்டை ஒயர்கள் சாக்கெட்டிலிருந்து மெல்லக் கழன்று வரும். குமிழ்களின் கால்கள் சர்க்யூட் போர்டில் வெறும் ஈய ஒட்டில் நின்றால், ஒவ்வொரு திருகலின் பாரமும் அந்த ஒட்டின் மேல்தான் விழும், நாளடைவில் வெடிக்கும். 2006 ஜூலையில் ஐரோப்பாவில் ஈயத்தைத் தடுக்கும் விதி நடைமுறைக்கு வந்த பிறகு, உலகம் முழுக்க ஈயமில்லாத ஒட்டுக்குக் கம்பெனிகள் மாறின. சுற்றுச்சூழலுக்கு அது தேவையான மாற்றம், மறுக்கவில்லை. ஆனால் புது ஒட்டு பழையதைப் போல வளைந்து கொடுக்காது. அதிர்வில் மயிரிழை விரிசல் விடும். என் மேசைக்கு வருகிற மிக்ஸர்களில் பலவற்றுக்கு நான் செய்வது அந்த விரிசல் விட்ட கால்களைத் தேடி மறுபடி ஒட்டுவதுதான்.

இதற்குப் பழைய வைத்தியம் ஒன்று இருக்கிறது. குமிழின் கழுத்தில் ஒரு நட்டுப் போட்டு முகப்புத் தகட்டோடு இறுக்கிவிடுவது. பாரத்தைத் தகடு தாங்கும், ஒட்டு தப்பிக்கும். அஹூஜாவில் அப்படித்தான் இருந்தது. இங்கிலாந்தின் ஆலன் அண்ட் ஹீத் கம்பெனி மேடை மிக்ஸர்களில் இந்தப் பழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறது. அவர்களுடைய டிஜே மிக்ஸர் ஸோன் 92 இன்னொரு காரணத்துக்காகவும் எனக்குப் பிடித்தது. 2000-களின் தொடக்கத்தில் வந்த அந்த மாடலை இருபது வருடத்துக்கு விடாமல் செய்தார்கள். ஒரே மாடல் அத்தனை நாள் ஓடினால் அதன் உறுப்புகளும் அத்தனை நாள் கிடைக்கும்.

வெயிலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பயனியர் மிக்ஸரோடு வரும் புத்தகத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கும்: இயங்கும் வெப்பநிலை 5 முதல் 35 டிகிரி செல்சியஸ்வரை. ஜாத்திரை மாதத்தில் திருப்பதி நிழலிலேயே 40 தாண்டும். தார்ப்பாய்க்குக் கீழே, ஆம்ப்ளிஃபயர் ரேக்கின் சூடு ஊதுகிற இடத்தில் எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். திரை மங்கி எழுத்துத் தெரியாமல் போகும், உள்ளே இருக்கும் டிஜிட்டல் சிப் சூட்டில் தடுமாறி ஒலியை நிறுத்தும். கம்பெனியைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை, முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அப்படியானால் திரையும் சிப்பும் உள்ள பெரிய மிக்ஸரைக் குளிரூட்டிய மண்டபத்தில் வைக்க வேண்டும். ஊர்வலத்துக்கு வேறு வேண்டும்.

கைப்பழக்கத்துக்கு வருகிறேன். டிஜே கலையில் தேர்ந்தவர்களுக்கு இன்றைய மிக்ஸர் தந்திருக்கும் வசதி பெரிது. மூன்று நான்கு பட்டையாகப் பிரிந்த ஈக்வலைசரில் அடித்தாளத்தை மட்டும் உருவி, இன்னொரு பாட்டின் அடியைச் சொருகலாம். சித்தூர்ப் பக்கம் ஒரு தம்பி பம்பை மேளத்தை மைக்கில் வாங்கி, அதன் வேகத்துக்குப் பாட்டைப் பொருத்தி ஓட்டியதை ஒரு ஜாத்திரையில் கேட்டேன். மேளக்காரர்கள் திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். பாட்டை மேளத்துக்கு வளைக்க மாமாவிடம் கருவி இருந்ததில்லை. மேளம் வந்தால் அவர் பாட்டை நிறுத்திவிடுவார்.

ஆனால் எங்கள் ஊரில் மிக்ஸருக்கு மிகப் பெரிய வேலை மைக்தான். கல்யாணத்தில் ஐயர், வரவேற்பில் அறிவிப்பாளர், ஜாத்திரையில் கோயில் அறிவிப்பு, காணாமல் போன குழந்தையின் பெயர். கிளப்புக்காகச் செய்த பல மிக்ஸர்களில் மைக்குக்கு ஒரு மூலையில் சின்னக் குமிழ்தான் கொடுத்திருப்பார்கள். டாக் ஓவர் பட்டன் இருக்கும். மைக்கில் பேச்சு வந்ததும் பாட்டு தானாகத் தணியும் வசதி அது. நம் ஊருக்கு அதைவிடப் பயனுள்ள பட்டன் இல்லை, பாதிப் பேர் அதைத் தொட்டதே இல்லை. தொடாததற்கும் காரணம் உண்டு, ஒரே அளவில் ஒரே நிறத்தில் அடுத்தடுத்துப் பத்துப் பட்டன்கள் இருந்தால் இருட்டில் எதைத் தேடுவது? வியர்வையும் மஞ்சளும் ஒட்டிய விரலுக்கு நெருக்கமான குமிழ் வேலைக்காகாது. வண்டியைச் சுற்றி நிற்பவர்கள் “இங்க்கா பெஞ்சன்னா” என்று இன்னும் ஏற்றச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்கும்போது, எஃபெக்ட் குமிழுக்குப் பதில் மாஸ்டர் குமிழைத் திருகிவிட்டால் பெட்டியின் யூனிட் எரியும்.

சிவப்பு விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய ஆம்ப்ளிஃபயரில் அளவு மீறினால் ஒலி படிப்படியாகக் கரகரத்து எச்சரிக்கும், காதே மீட்டர். டிஜிட்டல் மிக்ஸரில் எல்லைவரை சுத்தமாக ஒலித்துவிட்டு, எல்லையில் ஒரேயடியாக நறுக்கப்படும். காதுக்குத் தெரிவதற்குள் ட்வீட்டர் போய்விடும். ஆகவே விளக்கைப் பார்க்கிற பழக்கம் வேண்டும். மாமாவுக்குத் தேவைப்படாத புதுப் பழக்கம் இது, இன்று இல்லாமல் முடியாது.

சத்தத்துக்குச் சட்டமும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. 2005-இல் உச்ச நீதிமன்றம் அதை அழுத்தமாகச் சொன்னது. 2024 அக்டோபரில் ஹைதராபாத் காவல்துறை மத ஊர்வலங்களில் டிஜேவுக்கே தடை போட்டது. நம் பிள்ளைகளின் பிழைப்பு அந்த வழியில் போய்விடக் கூடாது என்று எனக்குக் கவலை இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலைக் கடக்கும்போது மாமா யாரும் சொல்லாமலே குமிழை இறக்குவார். மாஸ்டரைச் சட்டென்று இறக்க முடிகிற மிக்ஸர் வேண்டும், இறக்குகிற மனமும் வேண்டும்.

கடைசியாக, பழுது பார்ப்பது. எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான். இன்றைய போர்டில் அரிசி மணியில் பாதியளவு உறுப்புகள் நெருக்கமாக ஒட்டியிருக்கின்றன. பவர் சப்ளையும் ஃபேடரும் பட்டனும் என் கைக்கு எட்டும். நடுவில் இருக்கும் சிப் கெட்டால் முழுப் போர்டையும் மாற்ற வேண்டும், அதன் விலையில் இன்னொரு மிக்ஸர் வாங்கலாம். லேப்டாப்போடு இணைக்கும் ஒலி அட்டை உள்ளேயே இருக்கும் மாடல்களில் இன்னொரு சிக்கல்: கம்ப்யூட்டர் புதிதாகும்போது பழைய மிக்ஸருக்கு டிரைவர் வருவது நின்றுபோகலாம். கருவி நன்றாக இருக்கும், பேச்சுவார்த்தை அறுந்திருக்கும். கம்பெனிகளும் நிலையில்லை. டிஜே உலகத்தில் கொடிகட்டிய ஜப்பானின் வெஸ்டாக்ஸ் 2014-இல் திவாலானது. ரேன் 2016-இல் கைமாறியது. டெக்னிக்ஸ் தன் புகழ்பெற்ற எஸ்எல் 1200 தட்டுச் சுழலியை 2010-இல் நிறுத்தி, 2016-இல்தான் மறுபடி கொண்டுவந்தது. அந்தச் சுழலி இடையில் சாகாததற்குக் காரணம் பலரும் திறந்து சரிசெய்யத் தெரிந்து வைத்திருந்ததுதான்.

நல்ல உதாரணமும் உண்டு. பயனியர் டிஜேஎம் 800 உள்ளிட்ட சில மாடல்களுக்கு டிசிவி 1010 என்ற ஒரே ஃபேடர் பொருந்தும். எண்ணைச் சொன்னால் கடைக்காரருக்குப் புரிகிறது. இப்படி ஒரே உறுப்பு பல மாடலுக்குப் பொருந்தும்போது சின்ன ஊர் மெக்கானிக்கும் பிழைக்கிறான், மிக்ஸரும் பிழைக்கிறது. வாங்கும்போது அசலா என்று பாருங்கள், போலி ஃபேடர் ஒரு சீசன் தாங்காது.

இனி என் தீர்ப்பு. மண்டபத்துக்குள் மட்டும் வேலை என்றால் திரையும் எஃபெக்டும் உள்ள பெரிய மிக்ஸரைத் தயங்காமல் வாங்கலாம். காந்த ஃபேடரோ வி.சி.ஏ. ஃபேடரோ இருக்கட்டும். ஜாத்திரைக்கும் விநாயக சவிதிக்கும் அதை வண்டியில் ஏற்றாதீர்கள். அதற்கு இரண்டு மூன்று சானல் அனலாக் மிக்ஸர் போதும்: நட்டுப் போட்டு இறுக்கிய குமிழ், மைக்குக்குத் தனிச் சானல், பின்னால் ஆட்டத்தில் கழன்று விழாத எக்ஸ்எல்ஆர் வெளியீடு. கீழே தடித்த ரப்பர் விரிப்பு, மேலே ஃபேடர் பிளவை மறைக்க ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள், ஜெனரேட்டருக்கும் மிக்ஸருக்கும் நடுவே ஒரு ஸ்டெபிலைசர். ஜாத்திரை முடிந்து பாட்டு நின்ற பிறகு கொண்டுவராமல், ஏப்ரலிலேயே திறந்து துடைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கப் போகிற தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். கடையில் மிக்ஸரின் விலையைக் கேட்பதற்கு முன் ஃபேடர் தனியாக என்ன விலை, எத்தனை நாளில் கிடைக்கும் என்று கேளுங்கள். அதைச் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.